கழுவின குப்பி

எங்கள் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இப்போது தீப்பெட்டி அளவில் ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு பொட்டு ரத்தம், பத்து எண்ணுவதற்குள் நம்பர் வந்துவிடுகிறது. போன வாரம் என் விரலையும் குத்தினார்கள். குத்திய பெண்ணிடம், "முப்பத்திரெண்டு வருசம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில இந்தச் சக்கரையத்தான் தாயி பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன். அப்போது மிஷின் ஏது என்று கேட்டாள். என் கண்தான் மிஷின் என்றேன். சிரித்தாள். பிறகு நம்பரைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அது என்ன கேள்வி என்று கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் என் பெருமையை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பெருமை கொஞ்சம் அல்ல. நான் படித்தது நாலாம் வகுப்பு, அதிலும் பாதி. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக மலையேறி, சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு விறகு பிளக்கச் சேர்ந்தேன். பிறகு தரை துடைத்தேன், கட்டுத் துணி அவித்தேன், புண் கழுவினேன். பட்டம் வாங்கிய கம்பவுண்டர்கள் நாலு பேர் குளிர் தாங்காமல் ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள். நான் இறங்கவில்லை. என் மேல்படிப்பு அவ்வளவுதான்: மற்றவர்கள் இறங்கிப் போனது. எழுபதுகளில் நான் அட்டெண்டர், டிரஸ்ஸர், லேப் மூன்றும் ஒரே ஆள். அந்த மலையில் என்னைப் போல மூத்திரம் காய்ச்சத் தெரிந்தவன் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, சொல்ல வேறு ஆள் அங்கே இல்லை.

மேலே இருந்தவர் அன்னம்மா டாக்டர். கீழ்நாட்டு மலையாளப் பெண்மணி. தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். செய்த வேலையை முதலிலிருந்து, அவர் கண்முன்னால், வாய்விட்டு எண்ணிக்கொண்டு செய்ய வேண்டும் என்று அர்த்தம். "எண்ணிச் சொல்லு" என்பார். வேறு பேச்சு இருக்காது. எட்டு வருஷத்தில் அந்தக் கடிகாரம் எனக்காக மேஜைக்கு வந்தது மூன்று முறை. மூன்றையும் எந்தக் கிழமை என்றுகூடச் சொல்வேன்.

அந்த நாளில் சோதனை இப்படி. பெரிய ஜாடியில் பெனடிக்ட் என்று ஒரு நீல மருந்து இருக்கும். அதைக் கண்ணாடிக் குழாயில் ஐந்து சி.சி. கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும். அதன்மேல் மூத்திரம் எட்டுச் சொட்டு. ஏழும் இல்லை, ஒன்பதும் இல்லை. குழாயை இடுக்கியில் பிடித்து, சாய்த்து, ஸ்பிரிட் விளக்கின்மேல் ஆட்டிக்கொண்டே காட்ட வேண்டும். ஆட்டாமல் பிடித்தால் கொதித்துத் துள்ளி எதிரே நிற்பவர் முகத்தில் அடிக்கும். அதனால் குழாயின் வாய் ஆள் இல்லாத பக்கம் பார்த்திருக்க வேண்டும். ரெண்டு நிமிஷம் கொதி. பிறகு ஆறவிட்டு, பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்துப் பார்க்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்தில் படிந்தால் ஏராளம். டாக்டர் இங்கிலீஷில் குறி போடுவார். எனக்கு அது ஓடாது. பச்சைக்கு ஒரு பொட்டு, செங்கலுக்கு நாலு பொட்டு என்று பதிவேட்டில் நான் வைத்த கணக்கை டாக்டரே கடைசியில் ஏற்றுக்கொண்டார்.

வியாதிக்காரனுக்குப் பார்ப்பது சரி, நன்றாக இருக்கிற கர்ப்பிணிகளை எதற்கு மாதா மாதம் சோதிக்க வேண்டும் என்று ஒரு நாள் கேட்டேன். டாக்டர் நிதானமாகச் சொன்னார். தாயின் ரத்தத்தில் மிஞ்சுகிற சர்க்கரை பிள்ளைக்குப் போய்விடும். அதை அடக்குகிற இன்சுலின் தாயிடமிருந்து போகாது. பிள்ளை தன் சின்ன உடம்பில் தானே அதைச் சுரந்து சமாளிக்க வேண்டும். சுரக்கச் சுரக்கப் பிள்ளை கொழுக்கும். தோளும் வயிறும் பெருத்து, பிறக்கும்போது வழியில் சிக்கும். பார்வைக்குத்தான் பெரிய பிள்ளை, நுரையீரல் முற்றியிருக்காது. சில பிள்ளைகள் கடைசி மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போகும். உயிரோடு பிறந்தாலும் கண்டம் தீராது. கொடியை அறுத்ததும் தாயின் சர்க்கரை நின்றுவிடும். பிள்ளையின் உடம்போ பழைய வேகத்திலேயே சுரந்துகொண்டிருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதன் ரத்தத்தில் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கிவிடும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஏலக்காயில் அப்படி உண்டு. தோல் பெருத்து, பச்சை மின்னி, கையில் எடுத்தால் ஆசையாக இருக்கும். உடைத்தால் விதை வெளுத்துக் கிடக்கும். இதைச் சொன்னேன். டாக்டர், "மனசிலாயல்லோ" என்றார். புரிந்துவிட்டதே என்று அர்த்தம். அன்று மட்டும் டீ ரெண்டு குடித்தேன்.

இனி என் பெரிய வெற்றியைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அந்தக் காலத்தில் மூடி போட்ட பாத்திரம் என்றால் ஒன்றே ஒன்றுதான், தேன் குப்பி. மலைக்குடிக்காரர்கள் குப்பியில் ஊற்றிக் கொண்டுவந்து விற்கும் தேன் எல்லா வீட்டிலும் இருக்கும். தீர்ந்த குப்பியில்தான் கர்ப்பிணிகள் மூத்திரம் கொண்டு வருவார்கள். ஒரு முறை கங்காணி மனைவியின் சோதனை செங்கலாக வந்தது. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, ஜீப்பும் சொல்லியாயிற்று. நான் குப்பியைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி எறும்பு. மூடிக்குள் தேன் பிசுக்கு. ஆஸ்பத்திரிக் குவளையைக் கொடுத்து மறுபடி வாங்கிக் காய்ச்சினேன். வானம் போல நீலம். ஜீப் திரும்பிப் போயிற்று. டாக்டர் "நன்னாயி" என்றார். ஒரு முறைதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் மாதக்கணக்கில் செலவழித்தேன். லயத்தில் எனக்குத் தேன் டாக்டர் என்று பேர் விழுந்தது.

அன்றைக்கே டாக்டர் ஒரு விதியும் போட்டார். செங்கல் வந்தால் வீட்டிலிருந்து வரும் ரெண்டாவது குப்பியை நம்பக் கூடாது, இங்கேயே, நம் குவளையில்தான் வாங்க வேண்டும். ரெண்டு மாதம் அப்படியே செய்தேன். ஆனால் ஆஸ்பத்திரிக் கக்கூஸ், புண்ணுக்குக் கட்டுப் போட வரும் ஆண்களின் வரிசைக்கு நேர் எதிரே இருந்தது. பெண்கள் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு கூசிக் கூசி நிற்பார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை. குப்பியைச் சாம்பல் போட்டுக் கழுவி வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள் என்று விட்டுவிட்டேன். பெண்களின் மானத்தைக் காத்தவன் என்று அதிலும் ஒரு பெருமை. அப்படி வந்த மூன்று குப்பிகளும் ரெண்டாம் முறை நீலமாகவே இருந்தன. ஆகவே என் சட்டம் ஸ்திரப்பட்டது: செங்கல் என்றால் தேன்.

செல்லக்கனி வந்தது அதற்கு அடுத்த வருஷம். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். ஏலக்காய் பறிக்கிற வேலை, சத்தம் வராத பெண். அதற்கு முன்னால் ரெண்டு பிள்ளைகள், ரெண்டும் கடைசி மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போய்ப் பிறந்தவை. ரெண்டும் நல்ல பருமன் என்று லயமே சொன்னது. அவ்வளவு பெரிய பிள்ளைக்குக் கண் படாமல் என்ன செய்யும் என்றார்கள். அந்த ரெண்டையும் ஊரிலே வைத்துப் பார்த்ததால் எங்கள் பதிவேட்டில் இல்லை. மூன்றாவதுக்கு இப்போது ஏழாம் மாதம். அவளுடைய மாமியார் மாடத்தி, வீட்டு வாசலில் ஒரு இலை விழுந்தால் அதற்கும் தண்ணீர் தெளிக்கிற ரகம். இந்தப் பிள்ளையும் தங்காவிட்டால் மகனுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்று மாடத்தி சொல்லியிருந்தது எல்லோருக்கும் தெரியும். செல்லக்கனிக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையில். செல்லக்கனியின் குழாய் செங்கலாகப் படிந்தது. குப்பியைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்தில் ரெண்டு எறும்பு. எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

"என்னத்தா, தேனை நக்கிட்டு அப்படியே கொண்டாந்துட்டியா? மாடத்தி வீட்டுக் குப்பி இந்த லட்சணமா?" என்றேன். வரிசை சிரித்தது. சிரிக்க வைக்க எனக்கு எப்போதுமே வரும்.

அவள் குனிந்துகொண்டே, "கழுவித்தாண்ணே கொண்டாந்தேன்" என்றாள்.

நாளைக்கு மறுபடி கழுவிக் கொண்டுவா என்று அனுப்பிவிட்டேன். பதிவேட்டில் பொட்டு வைக்கவில்லை. தேனுக்கு யாராவது பொட்டு வைப்பார்களா?

மறுநாள் காலையில் மாடத்தியே வந்தாள். குப்பி பளிங்கு மாதிரி மின்னியது. புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். மேஜையில் நங்கென்று வைத்து, காய்ச்சி முடிக்கிறவரை இடுப்பில் கை வைத்து நின்றாள். நீலம். மாடத்தி, அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைப் பேசுவதற்கு முன்னால் இனிமேல் யோசித்துப் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள். நான் அதையும் சிரித்து வாங்கிக்கொண்டேன். என் சட்டம் நாலாவது முறையாக ஜெயித்திருந்தது. செல்லக்கனி பேருக்கு நேரே நீலம் என்று எழுதினேன்.

அடுத்த மாதம் டாக்டர் செல்லக்கனியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தையல்காரர் டேப்பால் அளந்தார். இன்னொரு தரம் அளந்தார். எட்டாம் மாதத்துக்கு இருக்க வேண்டியதைவிட வயிறு எவ்வளவோ பெரிது. முந்தின பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். அவள் சொன்னாள். டாக்டர் பதிவேட்டைக் கேட்டார். நான் பெருமையாகவே கொண்டுபோய் விரித்தேன். பொட்டு ஒன்றுகூட இல்லாத வரிசை.

டாக்டர் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

செல்லக்கனி குவளையோடு ஆண்களின் வரிசையைத் தாண்டிப் போய் வந்தாள். நான் ஐந்து சி.சி. ஊற்றினேன். ஒன்று, ரெண்டு, மூன்று என்று எட்டுவரை வாய்விட்டு எண்ணினேன்.  கொதிக்கத் தொடங்கியபோதே பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டிப் போய்விட்டது. ஆறுவதற்கு முன்பே அடியில் செங்கல்.

"போன மாசம் நீலம். அது ஆருடெ மூத்ரம்?" என்று டாக்டர் கேட்டார்.

குப்பியைக் கொண்டுவந்தது மாமியார் என்றேன். வாசலில் நின்றிருந்த மாடத்தியைக் கூப்பிட்டார்கள். அவள் ஒளிக்கவே இல்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே நினைக்கவில்லை.

"ஏந் தண்ணிதான். குப்பி சுத்தம்னு காட்டணும்லா? அந்தப் புள்ள வேலைக்குப் போயிட்டா. யாரு தண்ணியா இருந்தா என்ன, குப்பி அதே குப்பிதான?"

 இதில் மாடத்தியைக் குற்றம் சொல்ல எனக்கு வழியே இல்லை. நான் குப்பியைத்தானே கேட்டேன்? அவள் குப்பியைத்தானே கொண்டுவந்தாள்? மூத்திரத்தைப் பற்றி அன்றைக்கு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. டாக்டரிடம் எறும்பைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். "எறும்பினு தேன் ஏது, ரோகம் ஏது என்று அறியுமோ?" என்றார். சர்க்கரை எதில் இருந்தாலும் வருகிற எறும்புக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செல்லக்கனி என்னை ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். "கழுவித்தாண்ணே கொண்டாந்தேன்" என்றாள். அன்றைக்குச் சொன்ன அதே குரல், கூட்டாமல் குறைக்காமல்.

அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மாதம் வீணாகிவிட்டது. இனி இருப்பது மூன்று வாரமோ நாலு வாரமோ. அதற்குள் சர்க்கரையை அடக்கி, நுரையீரல் முற்றுகிற வரைக்கும் பிள்ளையை உள்ளே வைத்திருந்து, முந்தின ரெண்டும் போன நாள் வருவதற்கு முன்னால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எடுத்துவிட வேண்டும். முந்தினால் மூச்சு இருக்காது, பிந்தினால் பிள்ளையே இருக்காது. தினமும் நாலு வேளை, சாப்பாட்டுக்கு முன்னால், மூத்திரம் காய்ச்சி நிறம் சொல்ல வேண்டும். நான் சொல்கிற நிறத்தை வைத்துத்தான் டாக்டர் இன்சுலின் அளவைப் போடுவார். ஆள் மாற்றச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மாற்றவில்லை. அது தண்டனையா நம்பிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாலு வேளையும் குவளையோடு நின்றேன். டாக்டர் சொல்லாமலே கக்கூஸுக்கு முன்னால் ரெண்டு கம்பு நட்டு ஒரு தகரத் தட்டி கட்டினேன். அரை மணி நேர வேலை. அதை ஒரு வருஷம் முன்னால் கட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. செங்கல் ஆரஞ்சாயிற்று. ஆரஞ்சு மஞ்சளாயிற்று. ஒரு நாள் மத்தியானம் பச்சை வந்தது. நான் குழாயைக் கொண்டுபோய் செல்லக்கனியிடமே காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, எலுமிச்சை ஊறுகாய் கிடைக்குமா என்று கேட்டாள். பேச்சுக் கொடுத்ததே பெரிது என்று கேன்டீனுக்கு ஓடினேன்.

கீழே கொண்டுபோக நாள் குறித்த வாரத்தில் மழை பிடித்தது. ரோட்டில் மண் சரிந்து மூன்று நாள் ஜீப் இல்லை. ரெண்டாம் நாள் காலையில் வலி வந்துவிட்டது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்று, குளுக்கோஸைத் தராசில் நிறுத்து எடுத்து வை, பிள்ளை பிறந்த பிறகு தேடக் கூடாது என்றார். நிறுத்தேன். எண்ணிச் சொன்னேன், யாரும் கேட்காமலே.

மத்தியானத்துக்கு முன்னால் தலை வந்தது. தோள் வரவில்லை. நான் கதவுக்கு வெளியே மாடத்தியோடு நின்றேன். உள்ளே டாக்டர் குரல் தணிந்தே இருந்தது. காலை மடக்கு, இன்னும் மடக்கு, அடிவயிற்றை அமுக்கு என்று நர்சிடம் சொல்வது கேட்டது. மாடத்தி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். யார் கை என்று பார்த்துப் பிடித்திருக்க மாட்டாள். பிறகு ஒரு முனகல் போன்ற அழுகை கேட்டது.

பெண்பிள்ளை. தராசில் போட்டது நான்தான். ஒன்பதரை பவுண்டு, அதுவும் நாள் நிறையாமல். சிவந்து, கன்னம் தொங்கி, கையில் மடிப்பு விழுந்து, பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மாடத்தி மடியிலிருந்து சேனை வைக்கத் தேன் எடுத்தாள். முதல் இனிப்பைப் பெரியவர்கள் நாக்கில் வைக்க வேண்டுமே. டாக்டர் தேனைத் தடுத்துவிட்டார். மாடத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் போகவில்லை. அந்தக் கொழுத்த கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு நடுக்கம் நின்றது. அதுதான் மோசம். பிள்ளை துணிபோல் துவண்டது. உதடு நீலம் பாரித்தது. என் வாழ்நாளில் நீலம் என்றால் நல்ல சேதி. அன்று ஒருநாள்தான் அந்த நிறம் கெட்ட சேதி. டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, நான் நிறுத்து வைத்த குளுக்கோஸ் தண்ணீரை அளந்து அளந்து விட்டார். நரம்பிலும் ஊசி போட்டு ஏற்றினார். எல்லோரும் பிள்ளையின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு கால். பிறகு, அப்பாடா, ஒன்பதரை பவுண்டுக்குத் தக்க ஒரு அலறல்.

ஒரு மாதமாகத் தாய்க்குச் சர்க்கரை கூடாது என்று நின்ற டாக்டர், பிள்ளைக்குச் சர்க்கரை ஊட்டுவதை மாடத்தி கண்கொட்டாமல் பார்த்தாள்.

"இதத்தான நானும் சொன்னேன்" என்றாள். டாக்டர் அடுத்த அளவை ஊற்றினார்.

ரெண்டு நாள் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் தானாகப் பால் குடித்தது. ரோடு திறந்து ஜீப் வந்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்ட மட்டும் கொண்டுபோய்த் திரும்பினார்கள். மகனுக்கு வேறு இடம் பார்க்கிற பேச்சை மாடத்தி அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

டாக்டர் என்னைத் திட்டவில்லை, மேலிடத்துக்கு எழுதவும் இல்லை. பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். ஏழாம் மாதத்தில் செல்லக்கனி பேருக்கு நேரே நான் எழுதிய நீலத்தை அடிக்கச் சொன்னார். அங்கே நாலு பொட்டு வைக்கச் சொன்னார். சோதனை பொய் இல்லையே, அந்த நீலத்துக்கு உரியவர் பேரில் அதை எழுது என்றார். எழுதினேன். எங்கள் தோட்டத்துக் கர்ப்பிணிகள் பதிவேட்டில், கடைசி வரியில், என் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: மாடத்தி, வயது அறுபது, நீலம், குறை ஒன்றும் இல்லை. பின்னால் தணிக்கைக்கு வந்த அதிகாரி அந்த வரியில் விரலை வைத்து டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைக் காட்டினார். அதைவிடப் பெரிய திட்டு எனக்குத் தெரியாது.

அதன்பின் எத்தனை செங்கலோ பார்த்துவிட்டேன். குவளையை நீட்டியபிறகுதான் வாயைத் திறந்தேன். செல்லக்கனியிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. தட்டி கட்டினேன், ஊறுகாய் வாங்கிக் கொடுத்தேன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. அவளும் அதை எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை.

இனி போன வாரத்துக் கேள்வி. மிஷின் பெரிய நம்பராகக் காட்டியது. எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பெண், "கையக் கழுவிட்டுத்தான வந்தீங்க? பழம், சக்கரை ஏதும் ஒட்டியிருந்தாலும் நம்பர் ஏறும்" என்று கேட்டாள்.

"கழுவித்தாந் தாயி வந்தேன்" என்றேன். என் வாயிலிருந்து அந்தக் குரல் வந்தது எனக்கே கேட்டது.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அங்கேயே இருந்த குழாயையும் சோப்பையும் காட்டி, இங்கே கழுவுங்கள், நானே மறுபடி பார்க்கிறேன் என்றாள்.

கழுவினேன். துடைத்தேன். அடுத்த விரலைக் கொடுத்தேன். அதே நம்பர்தான் வந்தது.